நாற்காலியும் சாட்சியமும்: எல். இளையபெருமாளை முன்வைத்து

(சிதம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கூட்டத்துக்கு வர்ற வழியில ஒரு தம்பி என்கிட்ட கேட்டார். "அண்ணே, இளையபெருமாள் காங்கிரஸ்காரர்தானே? கதர் போட்டவர்தானே? பூனாவுல நம்ம கழுத்தை அறுத்த கட்சியில இருந்தவருக்கு நாம எதுக்கண்ணே கூட்டம் போடணும்?" நான் உடனே பதில் சொல்லல. கூட்டத்துல சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தத் தம்பி பின்வரிசையில உட்கார்ந்திருக்கார். கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்காமல் ஒருத்தருக்கு மாலை போடறது நம்ம பழக்கம் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல பூனா விஷயத்தைப் பேசிடுவோம். 1932 செப்டம்பர் 24. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம். பாபாசாகேப் கையெழுத்துப் போடும் நிலைக்குத் தள்ளப்பட்டார். தனி வாக்காளர் தொகுதி போச்சு. மாகாண சட்டசபைகளில் 71 இடம் 148 ஆனது. எண்ணிக்கை இரண்டு மடங்கு, இல்லையா? ஆனால் உட்காருகிறவரைத் தேர்ந்தெடுக்கிற கை நம்ம கை இல்லை. ஆரம்பத்தில் ஒரு சின்னப் பாதுகாப்பு இருந்தது. நம்ம மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைப் பொறுக்குவாங்க, அந்த நாலு பேரில் ஒருத்தரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பாங்க. அரசியல் சட்டம் வந்த பிறகு அதுவும் இல்லை. தனித்தொகுதி என்றால் நிற்பவர் நம்மவர், நிறுத்துபவர் வேறொருவர் என்றாகிவிட்டது.

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலைப் பாருங்க. வடக்கு பம்பாயில் பாபாசாகேப் நின்றார். அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்த மனிதர். காங்கிரஸ் கஜ்ரோல்கர் என்பவரை நிறுத்தி அவரைத் தோற்கடித்தது. 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்கடித்தது. அதே 1952 தேர்தலில், அதே காங்கிரஸ், தென்னாற்காடு மாவட்டத்தில் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியில் முப்பது வயசுகூட ஆகாத ஒரு சேரி இளைஞரை நிறுத்தி ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியது. அவர்தான் இளையபெருமாள். அம்பேத்கரை வீட்டுக்கு அனுப்பின கட்சி, இவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தம்பியோட கோபம் இதுதான். நான் இதை மறைக்கப் போவதில்லை.

ஆனா அந்த இளைஞர் டெல்லிக்குப் போறதுக்கு முன்னாடி யாராக இருந்தார்? அதையும் பார்க்கணும்.

1924இல் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் பிறந்தவர். உங்களுக்கே தெரியும், வீராணம் ஏரிப் பாசனம், நெல்லு வயலு, பண்ணை. நிலமெல்லாம் ஆண்டைக்கு, உழைப்பெல்லாம் சேரிக்கு. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீருக்கு இரண்டு பானை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, சேரிப் பிள்ளைகளுக்கு ஒன்று. இவர் சேரிப் பானையை உடைத்தார். வேற பானை வைத்தார்கள். அதையும் உடைத்தார். கவனியுங்க, ஊரார் பானையை உடைக்கல. 'உனக்கு இதுதான்' என்று கொடுத்த பானையை உடைத்தார். அந்தப் பானை இல்லாமப் போனாத்தான் எல்லாருக்கும் ஒரே பானை என்ற பேச்சே வரும். இதையெல்லாம் அவரே தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். 'சித்திரை நெருப்பு' என்ற பெயரில் நூலாக வந்தது. கிடைத்தால் வாங்கிப் படியுங்க.

பிறகு ஊருக்குள் இயக்கம். சாதி இந்து வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கப் போகாதே, செத்த மாட்டைத் தூக்காதே என்று இந்த வட்டாரத்துச் சேரிகளில் பிரச்சாரம் செய்தார். இன்னைக்கு நம்ம மேடையில் பறை ஒலிக்குது. அதைக் கேட்டு ரத்தம் சூடாகுது. 'அப்போ அவர் பறையை எதிர்த்தவரா?' என்று சில பேர் குழம்புறாங்க. குழம்ப ஒண்ணுமில்லை. அன்னைக்கு அது இசை இல்லை, கட்டளை. சாவுச் சேதி வந்தால் ராத்திரியானாலும் போகணும், போகலைன்னா மறுநாள் வயல்ல வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. கட்டளைக்கு அடிக்க மாட்டேன் என்று ஒரு தலைமுறை கீழே வைத்ததால்தான் இன்னைக்கு நம்ம விருப்பத்துக்கு அதை எடுத்து அடிக்க முடியுது.

இப்படிப் பானையை உடைத்தவர், பறையைக் கீழே வைக்கச் சொன்னவர், காங்கிரசுக்குள் போனார். 1952இல் கடலூர், 1957இல் இதே சிதம்பரம், 1962இல் திருக்கோயிலூர். மூன்று முறை மக்களவை உறுப்பினர். தனித்தொகுதி உறுப்பினர்கள் பெரும்பாலும் அவையில் என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். கொறடா கை தூக்கச் சொன்னால் தூக்குவது, வருஷத்துக்கு ஒருமுறை 'அரிஜன நல மானியம்' விவாதத்தில் எழுந்து நன்றி சொல்வது. இளையபெருமாளும் அந்த வரிசையோடு வரிசையாகப் போயிருக்கலாம்.

அப்படிப் போகாததற்குக் காரணம் 1965 ஏப்ரலில் மத்திய அரசு அமைத்த ஒரு குழு. தீண்டாமை பற்றியும், தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய்வதற்கான குழு. அதற்கு இவரைத் தலைவராகப் போட்டார்கள். அதற்குப் பெரிய நோக்கம் இருந்ததாக நான் நினைக்கல. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து பத்து வருஷம் ஆச்சு, ஏதாவது செய்ததாகக் காட்டணும். குழு போடுவது அரசாங்கத்துக்குக் கைவந்த கலை. குழு ஊர் சுற்றும், அறிக்கை கொடுக்கும், அறிக்கை அலமாரிக்குப் போகும், கரையான் படிக்கும்.

(சிரிப்பு)

இளையபெருமாள் அந்தக் குழுவை வேற மாதிரி பயன்படுத்தினார். மாநிலம் மாநிலமாகப் போனார்கள், சாட்சியம் கேட்டார்கள். 1969 ஜனவரியில் அறிக்கையைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான், 1968 டிசம்பர் 25 இராத்திரி, கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்கள், பிள்ளைகள், வயசானவங்க. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதுக்கு. அதே 1968இல், பிப்ரவரியில், ஆந்திராவில் கிருஷ்ணா மாவட்டம் கஞ்சிகசெர்லாவில் கோட்டேசு என்ற தலித் இளைஞரைக் கட்டிவைத்து உயிரோடு எரித்திருந்தார்கள். நாடாளுமன்றமே அதைப் பற்றிப் பேசியது. தீண்டாமை ஒழிந்துவிட்டது, அரசியல் சட்டம் 17ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டது என்று டெல்லி சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

இங்கே ஒரு விஷயத்தை இயக்கத் தோழர்கள் கவனமாகக் கேட்கணும். ஒரு கிராமத்தில் கொடுமை நடக்குது. காவல் நிலையத்துக்குப் போறோம். புகாரை வாங்க மாட்டான். வாங்கினால் வழக்கு எழுத மாட்டான். எழுதினால் சாட்சி கிடையாது. சாட்சி சொல்ல வந்தவன் மறுநாள் பிறழ்ந்திடுவான், ஏன்னா அவன் அந்த ஆண்டை வயல்ல இறங்கித்தான் சாப்பிடணும். கடைசியில் வழக்கே இல்லை. வழக்கே இல்லாததால் மாவட்ட ஆட்சியர் மேலே எழுதுவார்: 'இம்மாவட்டத்தில் தீண்டாமை இல்லை.' கொடுமையை மறைக்கிறதுக்குத் தனியா ஒரு சதி வேண்டியதில்லை. அரசாங்கக் காகிதம் ஓடுகிற வழியே அதை மறைத்துவிடும். இந்த ஓட்டத்தை எதிர்த்துத்தான் இளையபெருமாள் குழு எழுதியது. சேரி மக்கள் சொன்ன சாட்சியம் முதல் தடவையாக இந்தியா முழுவதற்குமாக அரசாங்கக் காகிதத்திலேயே ஏறியது. காவல் நிலையத்தில் எழுத மறுத்ததை நாடாளுமன்ற மேசையில் வைக்கிற மாதிரி எழுதினார்கள்.

சும்மா வைத்துவிடுவார்களா? 1969 ஜனவரியில் கொடுத்த அறிக்கை 1970 ஏப்ரலில்தான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓராண்டுக்கு மேல் பூட்டி வைத்திருந்தார்கள். தங்கள் கட்சிக்காரர், தாங்களே போட்ட தலைவர், தங்களிடமே கொடுத்த அறிக்கை. அதைப் பார்த்து ஏன் பயந்தார்கள்? உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால் புரியும். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, கோவில். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கணும், சாதி பார்க்காமல் யார் வேண்டுமானாலும் பயிற்சி பெற்று அர்ச்சகராகலாம் என்று ஏற்பாடு செய்யணும் என்று அந்த அறிக்கை சொன்னது. எழுதினவர் யார்? சிதம்பரத்துக்காரர். நந்தனை நெருப்பில் இறக்கி 'சோதியில் கலந்தார்' என்று கதை கட்டிய ஊர் இது. சுவாமி சகஜானந்தா 1916இல் அந்த நந்தன் பெயரிலேயே நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊரும் இதுதான். இந்த மண்ணிலிருந்து போனவர், 'கோவிலுக்குள்ளே விடு' என்று கேட்கவில்லை. 'கருவறைச் சாவி யார் கையில், அது ஏன் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கே போகுது?' என்று கேட்டார்.

1970 ஜனவரியில் கருவறை நுழைவுப் போராட்டம் என்று பெரியார் அறிவித்தார். அந்த வருஷமே தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. பெரியாரின் பங்கையும் கலைஞர் அரசின் பங்கையும் எல்லாரும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்தை நியாயப்படுத்த அரசாங்கம் எதைச் சுட்டிக்காட்டியது தெரியுமா? இளையபெருமாள் குழு அறிக்கையைத்தான். 1972 மார்ச்சில் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அந்தத் தீர்ப்பிலேயே இந்தக் குழுவின் பேச்சு வருகிறது. பரம்பரை உரிமையை எடுத்தது செல்லும் என்றார்கள், ஆனால் ஆகமப்படிதான் நியமிக்கணும் என்று பின்வாசல் வழியாகப் பழசை உள்ளே விட்டார்கள். 2006இல் மறுபடி அரசாணை, மறுபடி வழக்கு. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி பெற்ற 24 பேருக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். அதில் தலித்துகளும் இருந்தார்கள். 1969இல் எழுதின ஒரு பரிந்துரை ஒரு சில கோவில்களுக்குள் நுழையவே 52 வருஷம் ஆகியிருக்குது. அந்த விழா மேடையில் இளையபெருமாள் பெயர் எத்தனை பேர் வாயில் வந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

இரண்டு, சட்டம். 1955 சட்டத்தில் தண்டனை என்ன? ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கீழ்வரம்பு கிடையாது. நீதிபதி மனசு வைத்தால் பத்து ரூபாய் கட்டிவிட்டுப் போகலாம். பத்து ரூபாய்க்கு ஒரு சேரியையே அவமானப்படுத்தலாம் என்றால் பண்ணையாருக்கு அது மலிவான செலவுதானே. அதுவும் இல்லாமல் 'சமாதானமாப் போயிடுங்கப்பா' என்று பஞ்சாயத்து பேசி வழக்கை முடித்துக்கொள்ள வழி இருந்தது. சட்டத்தைக் கடுமையாக்கணும் என்று குழு எழுதியது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1976இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயரும் மாறியது. குறைந்தது ஒரு மாதம் சிறை என்று வந்தது. சமாதானம் பேசி முடிக்க முடியாது என்று வந்தது. கொடுமைக்குத் துணைபோகிற ஊர் மேல் கூட்டு அபராதம் போடலாம் என்று வந்தது. புலனாய்வை வேண்டுமென்றே அலட்சியம் செய்கிற அதிகாரியும் குற்றத்துக்கு உடந்தை என்று வந்தது. மலம் அள்ளு, பெருக்கு, செத்த மாட்டைத் தூக்கு, தோலை உரி, தொப்புள்கொடி அறு என்று தீண்டாமையின் பேரால் கட்டாயப்படுத்தினால் அது தனிக் குற்றம் என்று வந்தது.

செத்த மாட்டைத் தூக்காதே என்று காட்டுமன்னார்கோவில் சேரியில் ஒரு இளைஞன் பேசின பேச்சு, முப்பது வருஷம் கழித்து இந்தியா முழுக்கச் சட்டமாகியிருக்குது. இதை யாரும் பிச்சையாகப் போடல. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருவதற்கு இதுவும் ஒரு படிக்கட்டு.

இனி மூன்றாவது விஷயத்துக்கு வர்றேன். இதைத்தான் நம்ம பிள்ளைகள் முக்கியமாகத் தெரிஞ்சுக்கணும்.

அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் அதை யார் கையில் எடுத்தார்கள்? பெரிதாக யாரும் இல்லை. எடுத்தவர்கள் பம்பாயில் இருந்தார்கள். காமாட்டிபுரத்திலும் சால்களிலும் வளர்ந்த மகர் இளைஞர்கள், கவிதை எழுதுகிற பையன்கள், நாம்தேவ் தசால், ஜெ.வி. பவார், ராஜா தாலே. குடியரசுக் கட்சித் தலைவர்கள் துண்டு துண்டாக உடைந்து காங்கிரஸ் வாசலில் நின்றுகொண்டிருந்த காலம். மகாராஷ்டிரத்தில் நடந்த கொடுமைகளும், இந்த அறிக்கை காட்டிய நாடளவிலான கணக்கும் அந்த இளைஞர்களை உலுக்கின. இவ்வளவும் அரசாங்கமே அச்சடித்து வைத்திருக்குது, இருந்தும் ஒரு நாற்காலிகூட அசையலையே என்ற கோபம். 1972 மே மாதம் தலித் பேந்தர் பிறந்தது. இளையபெருமாள் குழு அறிக்கை தங்களை எப்படிக் கிளப்பிவிட்டது என்பதைப் பவார் பின்னாளில் தன் வரலாற்று நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நெருப்பு 1982இல் மதுரைக்கு வந்தது. வழக்கறிஞர் மலைச்சாமி தமிழ்நாட்டில் தலித் பேந்தர் அமைப்பைக் கட்டினார். 1989இல் அவர் மறைந்தார். 1990இல் தொல். திருமாவளவன் பொறுப்பை ஏற்றார். அது விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. பத்து வருஷம் தேர்தலைப் புறக்கணித்த இயக்கம் 1999இல் தேர்தலுக்கு வந்தது. திருமாவளவன் முதன்முதலில் நின்றது எங்கே? இதே சிதம்பரம் தொகுதியில். அன்னைக்குத் தோற்றார். 2009இல் வென்றார், 2019இல் வென்றார், 2024இல் வென்றார். 1957இல் இளையபெருமாள் உட்கார்ந்த அதே தொகுதி. ஆனால் ஒரு வித்தியாசம். இவரைக் காங்கிரஸ் நிறுத்தியது. அவர் தன் இயக்கத்தைக் கட்டிவிட்டு வந்து நின்றார். 2019இல் அவருக்குக் கிடைத்த சின்னம் என்ன? பானை. தனிப் பானையை உடைத்தவரின் மண்ணில் பானைக்கு ஓட்டு.

(சிரிப்பு, கைதட்டல்)

கைதட்டுங்க, ஆனா அதோடு நிறுத்திடாதீங்க. தென்னாற்காட்டிலிருந்து கிளம்பி, டெல்லியில் காகிதமாகி, பம்பாயில் தீப்பிடித்து, மதுரை வழியாக மறுபடி தென்னாற்காட்டுக்கு வந்து சேர்ந்த கதை இது. பேந்தர் என்றால் அமெரிக்காவிலிருந்து வந்தது, பம்பாயிலிருந்து வந்தது என்று மட்டும்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கு. அதில் பற்றவைத்த குச்சிகளில் ஒன்று காட்டுமன்னார்கோவில் குச்சி என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, இனி கசப்பானதையும் பேசணும். இளையபெருமாளை விமர்சனம் இல்லாமல் தூக்கிப் பிடிக்க நான் வரல.

அறிக்கை கொடுத்த பிறகும் அவர் காங்கிரசில்தான் இருந்தார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராகவும் இருந்தார். 1980இல் எழும்பூர் தனித்தொகுதியில் சட்டமன்ற உறுப்பினர். கீழ்வெண்மணி வழக்கில் பண்ணையாரை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தபோது, தான் எழுதின அறிக்கை அலமாரியில் கிடந்தபோது, அந்தக் கட்சியை விட்டு ஏன் வெளியே வரவில்லை என்று இன்னைக்கு நாம் கேட்கலாம். கேட்கணும். உள்ளே இருந்து மாற்றலாம் என்று நம்பின ஒரு தலைமுறை அது. அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். அவர்களை நம்பின மக்கள் கொடுத்த விலை அதைவிட அதிகம்.

1987 செப்டம்பரில் வன்னியர் சங்கச் சாலை மறியலின்போது இந்தத் தென்னாற்காட்டில் சேரிகள் கொளுத்தப்பட்டன. 1980களின் இறுதியில் இளையபெருமாள் தனிக்கட்சி கண்டார். இந்திய மனித உரிமைக் கட்சி. 1989, 1991 இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதியில் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் வென்றார்கள். பெரிய கட்சிகளின் தயவில் மட்டுமே தனித்தொகுதி என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கட்சி இந்த வட்டாரத்தைத் தாண்டி வளரல. அறிக்கை இந்தியா முழுக்கப் போனது, கட்சி வீராணம் ஏரியைத் தாண்டல. ஏன்? என் கருத்தைச் சொல்றேன். கட்சி கட்ட ஊர் ஊராக இளைஞர்கள் வேணும். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவன் கட்சியில் இருந்தவர் தனக்குப் பின்னால் அப்படி ஒரு பட்டாளத்தை உருவாக்கியிருக்க முடியாது. வெளியே வந்தபோது வயசாகிவிட்டது. 1998இல் தமிழக அரசு அம்பேத்கர் விருது கொடுத்தது. 2005 செப்டம்பரில் மறைந்தார்.

இன்னொன்றையும் யோசியுங்க. 1952இல் சேரிக்காரர் ஒருவர் நாடாளுமன்றம் போவதைச் சாதி இந்துக்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஏன்? டெல்லி தூரம். 1996இல் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியானது. ஊராட்சித் தலைவரான முருகேசனையும் மற்ற ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தலே நடக்க விடல. மக்களவையில் உட்காரலாம், ஊராட்சி அலுவலகத்தில் உட்காரக் கூடாது. காரணம், ஊராட்சி நாற்காலிக்குக் கண்ணெதிரில் அதிகாரம் இருக்கு. குளத்தைக் குத்தகைக்கு விடும், பொறம்போக்கைக் கேட்கும், கணக்கைக் கேட்கும். அதிகாரம் இல்லாத நாற்காலியைக் கொடுப்பார்கள், அதிகாரம் இருக்கிற நாற்காலிக்குக் கொலை செய்வார்கள். அதனால ஒரு தலித் உறுப்பினரை மதிப்பிடும்போது அவர் எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீங்க. அதிகாரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் பிடுங்க முடியாத எதை நமக்கு விட்டுவிட்டுப் போனார் என்று கேளுங்க.

பின்வரிசைத் தம்பிக்கு இதுதான் என் பதில். கதரைப் பார்த்துத் தள்ளிவிடாதே. கதரைப் பார்த்துக் கும்பிடவும் செய்யாதே. அவர் செய்த காரியத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார். அந்த அறிக்கை தானாக எதையும் செய்யல. உள்ளே இருந்த ஒருத்தர் எழுதினார், வெளியே இருந்த இளைஞர்கள் அதைப் படித்தார்கள். வெளியே படிக்கிறவன் இல்லாமல் போயிருந்தால் அது கரையானுக்குத்தான். உள்ளே எழுதுகிறவன் இல்லாமல் போயிருந்தால் வெளியே இருந்தவனுக்குக் கோபம் இருந்திருக்கும், கையில் ஆதாரம் இருந்திருக்காது. இயக்கத்துக்கு இரண்டு பேரும் வேணும்.

2025இல் இதே சிதம்பரத்தில் அவருக்கு அரசு சிலை வைத்து நூற்றாண்டு அரங்கமும் திறந்தது. மகிழ்ச்சிதான். ஆனா சிலைக்கு மாலை போடப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? சிலை வைத்தால் அறிக்கையை மறந்துவிடலாம் என்று ஆள்பவர்களுக்குத் தெரியும். நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

மாணவர்களுக்கு இரண்டு வேலை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, பெரிய நூலகங்களில் அந்த அறிக்கையைத் தேடுங்க. நாலு பேர் சேர்ந்து படியுங்க, முக்கியமான பகுதிகளையாவது தமிழில் கொண்டு வாங்க. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஒரு தமிழன் தலைமையில் எழுதின அறிக்கையை நம்ம சேரிப் பிள்ளைகள் தமிழில் புரட்ட முடியலைன்னா அது நமக்குத்தான் வெட்கம்.

இரண்டு, விடுமுறைக்கு ஊருக்குப் போறீங்க இல்லையா? ஒரு நோட்டு வாங்குங்க. ஊர்ல எத்தனை தேநீர்க்கடை, எதில் தனிக் குவளை. எத்தனை கோவில், எதில் நம்ம காலடி படலை. சுடுகாட்டுக்குப் பாதை இருக்கா, எவன் வயல் வழியாகப் பிணம் போகுது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா யார், அவங்க சமைத்ததை எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடல. போன வருஷம் கொடுத்த புகார் எத்தனை, எழுதின வழக்கு எத்தனை. தேதியோடு எழுதுங்க. சொன்னவங்க பேரை வெளியே விடாதீங்க, அவங்க நாளைக்கும் அந்த ஊர்லதான் இருக்கணும். எழுதினதை இயக்கத்தில் கொண்டுவந்து கொடுங்க.

'இந்த ஊரில் தீண்டாமை இல்லை' என்று நாளைக்கு ஒரு அதிகாரி எழுதும்போது, அவர் மேசையில் எடுத்து வைக்க நம்மகிட்ட அந்த நோட்டு இருக்கணும். இளையபெருமாளுக்கு அதைவிடப் பெரிய மாலை எனக்குத் தெரியல.

ஜெய் பீம்.